பெட்டிப் பட்டறையின் சத்தம்

திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி

வாயாடியைப் பெற்றவளுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் மகளும் நலம். மனசைப் பற்றி எழுதத்தான் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மா இப்போதாவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, இல்லை இன்னும் மணியைத்தான் அடிக்கிறார்களா?

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான் உன் கைக்குப் போன் வருகிறது. அதில் இருபத்தைந்து நிமிஷம் வாயாடி பேசுவாள். மீதி ஐந்து நிமிஷம் நான் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். இது அவள் பக்கத்தில் இல்லாதபோது சொல்ல வேண்டிய சமாச்சாரம். கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்காதே. என் வீரம் உனக்குத் தெரியாததா, இந்த வீட்டில் கரப்பான்பூச்சியை அடித்ததுகூட நீதான்.

வாயாடி சேர்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் குழுவைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்லியிருப்பாள். பதினாலு பேரைப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்தார்கள். அந்தப் பதினாலு பேரும் ஆளுக்குப் பத்துப் பேராகத் தங்கள் வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உடம்பு, மாதவிலக்கு, ரத்தக் குறைவு, பஸ்ஸில் எவனாவது உரசினால் என்ன செய்வது, சட்டம் என்ன சொல்கிறது, எல்லாம். முதலில் எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் நீ விமானம் ஏறி மூன்றாம் மாதம், வாயாடி பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடிவந்து குளியலறையில் தாழ்போட்டுக்கொண்ட அன்று, நான் வெளியே நின்று வயிற்று வலி மாத்திரை வேண்டுமா, வேண்டுமா என்று பத்துத் தடவை கேட்ட முட்டாள். அந்தக் குழுவிலிருந்து இவளைவிட இரண்டு வயசு பெரிய பெண் ஒருத்திதான் வந்து கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே பேசித் திறக்க வைத்து உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அன்றைக்கே என் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயை அப்படியே வைத்திருந்திருக்கலாம்.

இப்போது அவர்கள் ரேடியோவிலும் பேசுகிறார்கள். பெரிய ரேடியோ இல்லை, நூலகத்து மாடியில் இரண்டு அறை. சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டிவைத்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் கேட்காது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் இந்தப் பிள்ளைகளுடையது. அவர்களே எழுதி, அவர்களே பதிவு செய்து, அவர்களே வெட்டி ஒட்டுகிறார்கள். ரேடியோ அக்கா என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார். ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தால் பெயர் சொல்லக் கூடாது, தெருவைச் சொல்லக் கூடாது, குரலை மிஷினில் போட்டு மாற்றிவிட வேண்டும். இந்த மூன்றையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கும் பெட்டிக்காரர் மகளை உனக்கு நினைவிருக்கும். சத்தமே இல்லாமல் வந்து நிற்பாளே, நீதான் பூனை என்று பெயர் வைத்தாய். அவளுக்கும் வாயாடிக்கும் ஒரே வயசு, பதினைந்து. பரீட்சை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று. பூனை அழுதிருக்கிறாள், சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாயாடியிடம், ரேடியோவிலாவது சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்கட்டும் என்றாளாம்.

அவளை வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள் என்பதால் வாயாடி பதிவு செய்யும் கருவியை எடுத்துக்கொண்டு அங்கேயே போனாள். சமையலறையில் அம்மாக்காரி. அதனால் பின்னால் பட்டறையில், அட்டைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மிஷின் ஓடும் சத்தத்தில் வீட்டுக்குள் கேட்காது என்று இவள் போட்ட கணக்கு. ஓடும் மிஷின் என்ன என்று உனக்குத் தெரியும். அட்டையில் மடிப்புக் கோடு போடுவது. குரலை ஆண் குரல் மாதிரி தடிமனாக மாற்றிவிட்டார்கள். பெயர் இல்லை, தெரு இல்லை. மிஷின் சத்தத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை அது ரேடியோவில் வந்தது. டீக்கடையில் யாரோ ஒருவர் அந்தச் சத்தத்தை வைத்து இன்ன பட்டறை என்று சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் பெட்டிக்காரர் காதுக்குப் போய்விட்டது.

நேற்றுக் காலை அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கத்தியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அண்ணே, பாப்பா இருக்காங்களா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றேன். அவள் உள்ளேதான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சொல்லுங்க அண்ணே, என் பொண்ணு விஷயத்த நான் பாத்துக்கறேன், உங்க பொண்ண நீங்க பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று காலை வாயாடியின் சைக்கிளில் இரண்டு டயரும் கிழிந்து கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ரேடியோ அறை ஜன்னல் கண்ணாடியும் உடைந்திருக்கிறது.

பூனையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கல்யாணத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்து இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டார்கள். உன் மகள், தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததால்தான் எல்லாம் என்று தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். அப்படியும் வாயை மூடுவதாக இல்லை. மறுபடியும் ரேடியோவில் பேசுவேன் என்கிறாள்.

நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு போன் பேசும்போது, கொஞ்ச நாளைக்கு ரேடியோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஊரான் பிள்ளைக்காக நம் பிள்ளையை இழக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். 

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


திங்கட்கிழமை, பதினாறாம் தேதி

வாயாடியைப் பெற்றவளுக்கு,

முதல் கடிதம் உன் கைக்கு வரும் முன்பே இதை எழுதுகிறேன். நேற்று போனில், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, சளியா என்று கேட்டாய். சளி இல்லை.

டீக்கடையில் யாரோ ஒருவர் என்று எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த யாரோ ஒருவர் நான்தான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு டீக்கடைக்காரர் ரேடியோவை வைத்தார். மெக்கானிக் மகள் நிகழ்ச்சி என்று எனக்காகவே சத்தமாக வைத்தார். எனக்குப் பெருமை. கண்ணாடிக் கடைக்காரர், லாரி ஓட்டுகிறவர், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். தடிமனான குரலில் ஒரு பிள்ளை பேசியது. என்ன பேசியது என்று நான் கவனிக்கவே இல்லை. என் காது வேறு எங்கேயோ இருந்தது. மூன்று தட்டு சரியாக விழுந்து நாலாவது தட்டு வழுக்குகிறது. பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால்தான் அப்படி வரும். போன மாதம்தான் மாற்றச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அட, இது நம்ம பெட்டிக்காரர் மிஷினுப்பா, மாத்துய்யா மாத்துய்யான்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். என்னா காதுய்யா உனக்கு என்று லாரிக்காரர் என் முதுகைத் தட்டினார். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடிக் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்ப பேசுறது அவரு பொண்ணா என்று கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்த நுணல் நான், கெட்டது வேறொருத்தி.

வாயாடியிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. தன் தப்பு என்று அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா சொல்.

இன்று நடந்ததையும் கேள். காலையில் பெட்டிக்காரரே ஆள் விட்டார். மிஷின் ஒரேயடியாக நின்றுவிட்டது. போகாமல் இருந்தால் சந்தேகம், போனால் பயம். பையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வழக்கம் போலத்தான் பேசினார். நீங்க சொன்னப்பவே மாத்தியிருந்தா வம்பே இல்ல அண்ணே என்றார். எதை நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

பூனை அங்கேதான் மூலையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளுக்குக் கம்பிப் பின் அடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லையென்றால் வேலையாவது பார்க்கட்டும் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் ஒரு பக்கம் வீக்கம். பெட்டிக்காரர் வெளியே யாரிடமோ பேசப் போன சமயம், சத்தம் இல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மெல்லக் கேட்டாள், மாமா, ரேடியோல நான் நல்லா பேசினேனா, என்னால கேக்க முடியல என்று.

நான் அதைக் கேட்கவே இல்லையே. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. நல்லா பேசினம்மா என்று பொய் சொன்னேன். புதுச் சக்கரத்தை மாட்டினேன். மிஷின் அழகாக ஓடியது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நூலகத்து மாடிக்குப் போய், மகளுக்குத் தெரியாமல், அந்தப் பதிவைக் கேட்க முடியுமா என்று ரேடியோ அக்காவிடம் கேட்டேன். ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார். குரலை மாற்றாத பதிவு. நான்கே நிமிஷம்தான். எனக்கு அறிவியல் பிடிக்கும், அதைப் படித்து முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், இப்போது வேண்டாம், என்னை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்கிறாள். அழக்கூட இல்லை. நான் அழுதேன்.

வாயாடியிடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன். அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நீ அங்கிருந்தே வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி

வாயாடியைப் பெற்றவளுக்கு,

இன்று மத்தியானம் போனில் நடந்ததையெல்லாம் உன் மகள் ஒரே மூச்சில் சொன்னாள். நான் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். இப்போதும் தாழ்தான். அவள் விட்டதை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். பெருமைக்காகச் சொன்னீங்களா அப்பா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். இரண்டு நாள் இந்த வீட்டில் பேச்சே இல்லை. வாயாடி பேசாத வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

வியாழக்கிழமை அவளே வந்தாள். பிள்ளைகள் ஏற்கெனவே குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பெட்டிக்காரர், பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு என்று ஏதோ ஒரு தாளைக் காட்டி, கல்யாணமே இல்லை என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்டால் மேலிடத்திலிருந்து கடிதம் வரட்டும் என்கிறார்கள். அது வருவதற்குள் தேதி போய்விடும். பூனையைத் தெரிந்த பெரியவர் ஒருவர் அவள் வயசை எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே தடுக்க முடியும் என்று ரேடியோ அக்கா சொன்னாராம். குழுவில் மற்றப் பதின்மூன்று பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டிருக்கிறார்கள். பதின்மூன்று வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். பதினாலாவதாக என்னிடம் வந்தாள். நீங்க வரலேன்னா பரவால்ல, கேக்கணும்னுதான் கேட்டேன் என்றாள்.

பாதி வேலை எனக்கு அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறது. அதைவிட, அந்த மோட்டார் சைக்கிள் என் கண் முன்னாலேயே நிற்கிறது. போக மாட்டேன் என்றுதான் வாயில் வந்தது. அப்போது என் வேலை நோட்டு நினைவுக்கு வந்தது. எந்த மிஷினை என்றைக்கு மாட்டினேன் என்று எழுதி வைப்பேனே, பழைய நோட்டுகளை எடைக்குப் போடச் சொல்லி நீ தினம் சண்டை போடுவாயே. பதினைந்து வருஷத்துக்கு முந்தையதைத் தேடி எடுத்தேன். பெட்டிப் பட்டறை, புது மிஷின், பாதியில் நிறுத்தம், முதலாளிக்குப் பெண் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், நாளை வரவும். கீழே மறுநாள் தேதியில் அவருடைய கையெழுத்து. அன்று எனக்கு இனிப்புக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். என் பெயரை வெளியே விடாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்த அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, இத பாத்தா யாருன்னு தெரியாதா அய்யா என்று கேட்டார். தெரியும்தான்.

நேற்று ஐந்து மணிக்கு உன் மகள் ரேடியோவில் பேசினாள். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குரலை மறைத்துப் பேசுகிறவர்களின் பின்னால் என்னென்ன சத்தம் கேட்கக் கூடாது என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் ஒரு தப்புச் செய்தோம், அதிலிருந்து கற்றுக்கொண்டது என்றாள். என் தப்பை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். உன் கண்டிப்பை இனி கேட்க மாட்டாள். முதல் கடிதத்தில் ஊரான் பிள்ளை, நம் பிள்ளை என்று நான் எழுதிய வரியை அவளிடம் சொல்லிவிடாதே.

இன்று காலை எட்டு மணிக்கு அதிகாரிகள் போலீஸோடு வந்தார்கள். கல்யாணம் நின்றது. பூனையை அரசாங்கக் குழந்தைகள் விடுதிக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. வண்டியில் ஏறும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வைக்கு இனி தினமும் பதில் சொல்லித்தான் இந்தத் தெருவில் நடக்க வேண்டும். வாயாடியைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன், நானே கூட்டி வருகிறேன். கவலைப்படாதே என்று எழுத மாட்டேன். நானே கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் நான் உன்னிடம் கேட்க வந்தது.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு நீ வெகுநேரம் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று அவள் ஹலோ ஹலோ என்றாள். பிறகு, நல்லது பண்ணீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. நீ எட்டு நிமிஷத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. போனை வைத்ததும் வாயாடி, அம்மாவுக்குக் கல்யாணம் ஆனப்ப எத்தன வயசு என்று என்னிடம் கேட்டாள். எனக்கு நினைவில்லை என்றேன். அவளாகவே விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பதினாறு. எனக்கு இருபத்தெட்டு.

அன்றைக்கு எல்லாரிடமும் எல்லாம் கேட்டார்கள். என்னிடம் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். நீ அப்போது எங்கே இருந்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. நீ வந்தபோது உன் துணிப்பெட்டியின் அடியில் ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் இருந்தது. என்ன பாடம் என்று நான் பார்க்கவில்லை. அதன் தாளைக் கிழித்துத்தான் முதல் வருஷம் முழுவதும் கடையில் திருகாணி மடித்து வைத்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு யாராவது உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பதினேழு வருஷம் கழித்துக் கேட்கிறேன். போனில் வேண்டாம், எழுது. என் மனசு நோகுமே என்று பார்க்காதே. வருகிற பதில் எதுவானாலும் இந்த வீடு உன்னுடையது, நாங்கள் இரண்டு பேரும் உன்னுடையவர்கள். நீ என்னுடையவள்தானா என்று மட்டும்தான் நான் கேட்காமலே இருந்துவிட்டேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

வாயாடியின் அப்பா